ஸ்பீடு வருது, உயிர் வரல: ராக் கிடார் சோலோவில் ஃபீலைப் பழக முடியுமா?

ஆறுகம்பி:

வணக்கம் நண்பர்களே. ஸ்பீடா ஃபீலா என்ற பழைய சண்டைதான், ஆனால் எனக்கு வேண்டியது நடைமுறைப் பதில்.

150 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 150 பீட்) சிக்ஸ்டீன்த் நோட் (பீட்டுக்கு நாலு) ஆல்டர்நேட் பிக்கிங் (பிக்கை மேலும் கீழுமாக மாற்றி அடிப்பது) சுத்தமாக வருகிறது. மைனர் பென்டடானிக் (ஐந்து ஸ்வர ஸ்கேல்) ஐந்து பொசிஷனும் கண்ணை மூடிக்கொண்டு வரும். ஆனால் 70 பிபிஎம்மில் ஒரு ஸ்லோ பேக்கிங் ட்ராக் போட்டு வாசித்தால், ரெக்கார்டிங்கில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி இருக்கிறது. பிங்க் ஃப்ளாய்ட் கிடாரிஸ்ட் டேவிட் கில்மர் நாலு நோட்டில் செய்வது எனக்கு நாற்பது நோட்டிலும் வரவில்லை.

கேட்டால் பாதிப் பேர் "ஃபீல் பிறவியிலேயே இருக்கணும்" என்கிறார்கள். மீதிப் பேர் "மனசிலேர்ந்து வாசி" என்கிறார்கள். மனசிலிருந்து வாசிக்கும்போது கை என்ன செய்யணும் என்று ஒருத்தரும் சொல்வதில்லை.

செட்டப்: ஸ்ட்ராட் வகை கிடார், 9–42 ஸ்ட்ரிங் (தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் பங்காக), மிதக்கும் ட்ரெமலோ (ஸ்ட்ரிங்கைத் தாங்கும் ப்ரிட்ஜ் பாடியில் படியாமல் ஸ்ப்ரிங்கில் நிற்பது), 20 வாட் ட்ரான்சிஸ்டர் ஆம்ப், கெயின் (டிஸ்டார்ஷன் அளவு) 8-ல். ட்ராக் ஏ மைனர், எஃப், சி, ஜி. கார்டுக்கு ஒரு பார்.

மெதுவிரல்:

உங்கள் 150 பிபிஎம் முழுக்க, நோட் எப்போது தொடங்குகிறது என்பதற்கான பயிற்சி. தொடங்கியபின் அந்த நோட்டுக்கு என்ன ஆகிறது, எப்படி முடிகிறது என்பதற்கு நீங்கள் பயிற்சியே எடுக்கவில்லை. ஸ்லோ சோலோவில் ஒரு நோட் இரண்டு நொடி நிற்கும். கேட்பவர் காதுக்கு அந்த இரண்டு நொடிதான் சோலோ. ஃபீல் என்று சொல்வதில் முக்கால்வாசி அங்கேதான் நடக்கிறது, அதுவும் கை வேலைதான்.

முதலில் பெண்ட், அதாவது ஸ்ட்ரிங்கைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதியை ஏற்றுவது. மூன்றாவது ஸ்ட்ரிங் 7-வது ஃப்ரெட்டில் டி (D) ஸ்வரம். முழு ஸ்டெப் தள்ளினால் ஈ (E). இரண்டாவது ஸ்ட்ரிங் 5-வது ஃப்ரெட்டிலும் அதே ஈ இருக்கிறது. அதை முதலில் அடித்து சுருதியைக் காதில் வாங்கிக்கொண்டு, பிறகு பெண்ட் செய்யுங்கள். அப்புறம் இரண்டையும் சேர்த்து அடியுங்கள். சுருதி விலகியிருந்தால் "வவ்வவ்வவ்" என்று அலை கேட்கும். நெருங்க நெருங்க அலை மெதுவாகி, சேர்ந்ததும் நின்றுவிடும். முழு ஸ்டெப் என்பது 200 சென்ட் (ஒரு ஃப்ரெட்டுக்கு 100). நிறையப் பேர் 170, 180-லேயே நிறுத்திவிட்டு, அந்தக் குறையை வைப்ராட்டோவால் (நிற்கும் நோட்டின் சுருதியை ஆட்டுவது) மூடப் பார்ப்பார்கள். மூடாது.

மோதிர விரல் 7-ல் இருக்கும்போது நடுவிரலும் ஆள்காட்டி விரலும் அதே ஸ்ட்ரிங்கில் பின்னால் துணைக்கு நிற்கணும். கட்டைவிரலை நெக்குக்கு மேலே கொண்டுவந்து பிடித்துக்கொள்ளுங்கள். ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி நெக்கின் கீழ் ஓரத்தில் ஊன்றியிருக்கட்டும். விரலை நீட்டித் தள்ளாதீர்கள். பூட்டில் சாவியைத் திருப்புவது போல மணிக்கட்டும் முன்கையும் சுழலணும். விரல் மட்டும் தள்ளினால் பத்து நிமிடத்தில் வலிக்கும், சுருதியும் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு இடத்தில் நிற்கும்.

இன்னொன்று: ஒரே தூரம் தள்ளினாலும் எல்லா ஸ்ட்ரிங்கும் ஒரே அளவு ஏறாது. 9–42 செட்டில் மூன்றாவது ஸ்ட்ரிங் 016 ப்ளெயின். அது சீக்கிரம் ஏறிவிடும். இரண்டாவதை அதைவிட அதிக தூரம் தள்ளணும், முதல் ஸ்ட்ரிங்கை இன்னும் அதிகம். அதனால் "இவ்வளவு தள்ளினால் போதும்" என்று கையை மனப்பாடம் செய்ய வைத்தால் அடுத்த ஸ்ட்ரிங்கில் ஏமாறுவீர்கள். காது முன்னால் போகணும், கை பின்னால் வரணும். இரண்டாவது ஸ்ட்ரிங் 8-வது ஃப்ரெட் ஜி-யைத் தள்ளி முதல் ஸ்ட்ரிங் 5-வது ஃப்ரெட் ஏ-யுடன் சேர்ப்பதையும் இதே மாதிரி பழகுங்கள்.

வைப்ராட்டோவில் பலர் கவனிக்காத ஒன்று. சாதாரணமாகப் பிடித்த நோட்டில் சுருதி மேலேதான் போக முடியும். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் அது பழைய இடத்துக்குத் திரும்பி வரணும். மேலேயே தொங்கினால் நோட் முழுக்க ஷார்ப்பாக (சுருதி கூடி) கேட்கும். பெண்ட் செய்த நோட்டில் தலைகீழ்: கொஞ்சம் இறக்கி, மறுபடி இலக்குக்கு ஏற்றணும். இலக்கைத் தாண்டிப் போகக்கூடாது.

மெட்ரோனோமை 60-ல் வையுங்கள். ஒரு கிளிக்குக்கு இரண்டு சுற்று, ஒழுங்காக வந்ததும் மூன்று, பிறகு நான்கு. நான்கு என்றால் நொடிக்கு நான்கு சுற்று. ஸ்லோ பாட்டுக்கு அது போதும். வேகத்தைக் கூட்டும்போது அகலம் சுருங்கினால் வேகத்தைக் குறையுங்கள். நோட்டை அடித்த உடனே நடுக்காமல் ஒரு பீட் வெறுமனே நிற்க விட்டு அப்புறம் தொடங்குங்கள். பாடகர்கள் நீளமாகப் பிடிக்கும் ஸ்வரத்தில் இதைத்தான் செய்கிறார்கள். பி.பி. கிங் வாசிக்கும் வீடியோ ஏதாவது ஒன்றில் இடது கையை மட்டும் பாருங்கள். கட்டைவிரல் நெக்கைத் தொடாது, ஊன்றிய ஆள்காட்டி விரலைச் சுற்றிக் கையே சிறகடிக்கும்.

அடுத்து நோட்டின் முடிவு. ஸ்பீடு பழகியவர்களுக்கு அடுத்த நோட் வந்து முந்தைய நோட்டை முடித்துவைக்கும் பழக்கம். ஸ்லோ சோலோவில் நீங்களே முடித்துவைக்கணும். இன்ன பீட்டில் முடிக்கிறேன் என்று தீர்மானித்து, விரலை ஸ்ட்ரிங்கிலிருந்து எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்துங்கள். ஒரு பார் வாசித்தால் ஒரு பார் சும்மா இருங்கள். இது கேட்க எளிது, செய்ய எரிச்சல்.

கடைசியாக, மூன்றாவது ஸ்ட்ரிங் 5-வது ஃப்ரெட் சி. ஆள்காட்டி விரலால் லேசாகக் கீழே இழுத்து அரை ஸ்டெப்பில் பாதிதான் ஏற்றணும். ப்ளூஸிலிருந்து ராக்குக்கு வந்த சொத்து இது, மைனரும் இல்லாமல் மேஜரும் இல்லாமல் நடுவில் நிற்கும். அரை ஸ்டெப்பை முழுசாக எட்டாமல் விடுவதுதான் வேலை.

வேகப்பிரியன்:

மெதுவிரல் சொன்னதில் தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா "மெதுவா வாசிச்சா ஃபீலு, வேகமா வாசிச்சா சர்க்கஸ்"ங்கிற முடிவுக்கு யாரும் போயிடாதீங்க. 1978-ல எடி வான் ஹேலன் 'இரப்ஷன்'னு ஒரு துண்டு போட்டார், ரெண்டு நிமிஷம்கூட இல்ல. அதுல இருக்கிற சந்தோஷம் ஃபீல் இல்லன்னா வேற எது ஃபீல்? கேரி மூர் ஒரே நோட்டை ஃபீட்பேக்ல நிறுத்தி வெச்சு அழ வைப்பார், அடுத்த பார்ல மெஷின் கன் மாதிரி இறக்குவார். ரெண்டும் ஒரே கை.

கில்மர் பேரை இழுத்ததால சொல்றேன். 1979-ல வந்த 'கம்ஃபர்டப்ளி நம்' கடைசி சோலோ ஒரே மூச்சுல பொங்கி வந்தது கிடையாது. அஞ்சாறு டேக் வாசிச்சு, உட்கார்ந்து கேட்டு, எந்த டேக்ல எந்த பார் நல்லா இருக்குன்னு குறிச்சு, பொறுக்கிச் சேர்த்தது. உலகமே உருகுற சோலோ பின்னாடி ஒரு எடிட்டர் உட்கார்ந்திருக்கார். நீங்களும் செய்யலாம்: ஒரே ட்ராக் மேல ஆறு டேக் ரெக்கார்ட் பண்ணுங்க, மறுநாள் கேளுங்க, நல்ல பாரை மட்டும் வெட்டி ஒட்டுங்க. அப்புறம் ஒட்டினதை நீங்களே ஆரம்பத்துலேர்ந்து வாசிக்கக் கத்துக்குங்க. உங்க ரசனை என்னன்னு உங்களுக்கே அப்பத்தான் தெரியும்.

என் பார்வையில உங்க பிரச்சினை கார்டைக் கேட்காம வாசிக்கிறது. பென்டடானிக்ல எதை அடிச்சாலும் ஒத்துப்போகும், அதுதான் அதோட சாபம். அந்த 7-வது ஃப்ரெட் பெண்டையே எடுத்துக்குங்க, டி-லேர்ந்து ஈ. நாலு பாருக்கும் அந்த ஒரே பெண்டை மட்டும் வாசிங்க. ஏ மைனர் மேல ஈ அஞ்சாவது ஸ்வரம் (கார்டு பேர்ல இருக்கிற ஸ்வரத்துலேர்ந்து எண்ணணும்), உறுதியா நிக்கும். எஃப் வந்ததும் அதே ஈ மேஜர் ஏழாவதா மாறிடும், ஒரு ஏக்கம் வரும். சி மேல மூணாவது, வீட்டுக்கு வந்த மாதிரி. ஜி மேல ஆறாவது, எங்கயோ போகணும்னு தவிக்கும். உங்க கை ஒண்ணுமே மாத்தல, கீழ கார்டு மாறுது. இது காதுல பிடிபட்டுச்சுன்னா எந்த கார்டுல எந்த நோட்டை நிறுத்தணும்னு நீங்களே தேட ஆரம்பிச்சுடுவீங்க.

சின்னக் குறிப்பு: சி கார்டு மேல அந்த ஈ-யை ட்யூனர் சொல்ற இடத்துலேர்ந்து ஒரு மயிரிழை கீழ நிறுத்திப் பாருங்க. சுத்தமான மேஜர் மூணாவது 386 சென்ட், கிடார் ஃப்ரெட் குடுக்கிறது 400. டிஸ்டார்ஷன்ல அந்த 14 சென்ட் நல்லாவே உறுத்தும். பெண்ட்ல அதைச் சரிபண்ண முடியும், ஃப்ரெட்ல முடியாது. அதுக்காக 30 சென்ட் இறங்கிட்டு "ஜஸ்ட் இன்டோனேஷன்"னு சொல்லித் தப்பிக்கக் கூடாது.

வேகமான ரன் வாசிக்கும்போது எல்லா நோட்டும் ஒரே சத்தத்துல வந்தாத்தான் அது டைப்ரைட்டிங். சிக்ஸ்டீன்த்துல ஒவ்வொரு அஞ்சாவது நோட்டுக்கும் அழுத்தம் குடுங்க; அழுத்தம் பீட் மேல விழாம நகர்ந்துகிட்டே போகும். ரன்னோட கடைசி நோட் எதுன்னு முதல்லயே முடிவு பண்ணிட்டு அங்கேர்ந்து பின்னோக்கி ரன்னைக் கட்டுங்க. நீங்க 150-ல வாசிக்கிற எல்லாமே எங்கயோ போய்ச் சேரணும்.

சால்டர்மணம்:

கையைப் பற்றிப் பேசியாயிற்று. ஆனால் இந்த செட்டப்பில் ஜெஃப் பெக் வந்து வாசித்தாலும் பாதிதான் கேட்கும்.

கெயின் 8. இந்த அளவு டிஸ்டார்ஷனில் சிக்னலின் உச்சி முழுக்க வெட்டப்படுகிறது. மெல்ல அடித்தாலும் ஓங்கி அடித்தாலும் வெளியே ஒரே சத்தம். சோதித்துப் பாருங்கள்: ஒரே நோட்டை நான்கு தடவை மெல்ல, நான்கு தடவை பலமாக அடித்து ரெக்கார்ட் செய்து அலை வடிவத்தைப் பாருங்கள். உயரம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் உங்கள் பிக் கை செய்யும் வேலையை ஆம்ப் தின்றுகொண்டிருக்கிறது. கெயினை 4 அல்லது 5-க்கு இறக்கி, ஆம்ப் வால்யூமை ஏற்றுங்கள். சஸ்டெய்ன் குறையும். அதை விரலால் ஈடுகட்டப் பழகுவதுதான் பயிற்சி.

கிடார் வால்யூமை 7-ல் வைத்து வாசித்து, உச்சத்துக்கு மட்டும் 10-க்குத் திருப்புங்கள். 7-க்கு இறக்கினால் சத்தம் மங்கலாகிறது என்றால் வால்யூம் குமிழின் கீழுள்ள பொட்டென்ஷியோமீட்டரில் ட்ரெபிள் ப்ளீட் (உச்ச ஒலி மங்காமல் காக்கும் சின்ன சர்க்யூட்) போடுங்கள்: உள்ளே வரும் காலுக்கும் நடுக்காலுக்கும் குறுக்கே 680 பைக்கோஃபேரட் கெப்பாசிட்டரும் 150 கிலோ ஓம் ரெசிஸ்டரும் இணையாக. பத்து நிமிட வேலை.

மிதக்கும் ட்ரெமலோ. நீங்கள் ஒரு ஸ்ட்ரிங்கைத் தள்ளும்போது ப்ரிட்ஜும் முன்னால் சாய்ந்து கொடுக்கிறது. இரண்டு விளைவு: அதே சுருதியை எட்ட இன்னும் அதிக தூரம் தள்ளணும், கூடவே ஒலிக்கும் மற்ற ஸ்ட்ரிங்குகள் ஃப்ளாட் ஆகும் (சுருதி இறங்கும்). மெதுவிரல் சொன்ன சேர்த்து அடிக்கும் பயிற்சியே இதில் பொய் சொல்லும், ஏனென்றால் இரண்டாவது ஸ்ட்ரிங்கும் இறங்கியிருக்கும். பின்பக்க மூடியைத் திறந்து, ஸ்ப்ரிங் மூன்று இருந்தால் ஐந்தாக்கி, க்ளாவின் (ஸ்ப்ரிங்குகள் மாட்டியிருக்கும் தகடு) இரண்டு ஸ்க்ரூவையும் ப்ரிட்ஜ் தகடு பாடியில் படியும்வரை சமமாக முறுக்குங்கள். எரிக் கிளாப்டன் ஐந்து ஸ்ப்ரிங்கும் போட்டு, ட்ரெமலோ ப்ளாக்குக்குப் பின்னால் மரத்துண்டும் வைத்து அடைத்துவிடுவார். ப்ரிட்ஜ் படிந்ததும் ஆக்‌ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல் ஸ்ட்ரிங்கின் உயரம்) இறங்கும், சேடில் (ப்ரிட்ஜில் ஸ்ட்ரிங் உட்காரும் துண்டு) உயரத்தையும் இன்டோனேஷனையும் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சேர்வது) மறுபடி பார்க்கணும். 12-வது ஃப்ரெட்டில் முதல் ஸ்ட்ரிங் 1.6 மில்லிமீட்டர், ஆறாவது 2 மில்லிமீட்டர் என்று தொடங்குங்கள். ஃபிங்கர்போர்டு பழைய 7.25 அங்குல வளைவாக இருந்தால் இன்னும் கொஞ்சம் ஏற்றணும். இல்லாவிட்டால் மேல் ஃப்ரெட்டுகளில் பெண்ட் செய்யும்போது ஸ்ட்ரிங் அந்த வளைவின் மேட்டில் இடித்து நோட் செத்துவிடும்.

தள்ளும்போது "கிரிச்" என்று சத்தம் வந்து, விட்டபின் சுருதி கலைந்தால் நட்டில் (நெக்கின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உட்காரும் பட்டை) பிடிக்கிறது. ஸ்லாட்டில் பென்சில் கரியைத் தேயுங்கள்.

ஸ்ட்ரிங் கடினமாக இருந்தால் முழு கிடாரையும் அரை ஸ்டெப் இறக்குங்கள். இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே சுமார் 11 சதவீதம் குறையும். ஹெண்ட்ரிக்ஸும் ஸ்டீவி ரே வானும் இப்படித்தான் ட்யூன் செய்தார்கள். ஸ்டீவி ரே அதில் 013 ஸ்ட்ரிங் போட்டு வாசித்தார் என்பதைக் கேட்டுவிட்டு யாரும் உடனே கடைக்கு ஓட வேண்டாம். அந்தக் கை வேறு.

டிலே, ரிவர்ப் இரண்டும் பழகும்போது வேண்டாம். நோட்டை எங்கே முடித்தீர்கள் என்பதை அவை மறைத்துவிடும். மேடைக்கு வேண்டுமானால் 70 பிபிஎம்முக்கு 428 மில்லிசெகண்ட், அது ஒரு எய்த் நோட்.

பேக்பீட்:

ட்ரம்ஸ் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. 70 பிபிஎம்மில் ஒரு பீட் 857 மில்லிசெகண்ட். அவ்வளவு இடைவெளியில் கிடார் கலைஞர்கள் செய்யும் பொதுவான தவறு அவசரம்: அடுத்த பீட்டுக்கு முன்னாலேயே நோட் வந்து விழும். ரெக்கார்டிங்கைப் பெரிதாக்கி, ஒவ்வொரு நோட்டும் கிரிட் கோட்டுக்கு (திரையில் பீட்டைக் காட்டும் கோடு) முன்னால் விழுகிறதா பின்னால் விழுகிறதா என்று பாருங்கள். எல்லாம் 20, 30 மில்லிசெகண்ட் பின்னால் ஒரே சீராக இருந்தால் சாய்ந்து உட்கார்ந்து வாசிப்பது போல நிதானமாகக் கேட்கும். ஒன்று 40 முன்னால், அடுத்தது 30 பின்னால் என்றால் அது நிதானம் கிடையாது, தாளம் தப்புகிறது.

பெண்டுக்கு இரண்டு நேரம் உண்டு: பிக் படும் நேரம், சுருதி போய்ச் சேரும் நேரம். கேட்பவருக்கு இரண்டாவதுதான் பீட். நாலாவது பீட்டின் "அண்ட்"டில் (பீட்டின் நடுப்பாதியில்) அடித்து, அடுத்த பாரின் முதல் பீட்டில் ஈ-யைத் தொடுங்கள். முதல் பீட்டில் அடித்துவிட்டு அதற்கப்புறம் மேலே ஏறினால் கார்டு மாறிய இடத்தில் டி-தான் கேட்கும்.

ஆறுகம்பி:

ப்ரிட்ஜைப் படிய வைத்துவிட்டேன், கெயின் 4-ல். ட்யூனரில் பார்த்தால் பெண்ட் இன்னமும் 30 சென்ட் குறைகிறது. அதைவிடப் பெரிய தொல்லை, பெண்டை இறக்கும்போது நாலாவது ஸ்ட்ரிங் "டொய்ங்" என்று ஒலிக்கிறது. கெயின் குறைந்ததும் இது இன்னும் அப்பட்டமாகக் கேட்கிறது.

இன்னொரு கேள்வி: கர்நாடக சங்கீதம் கொஞ்சம் கேட்பதுண்டு. கமகம் பழகினால் இதற்கு உதவுமா?

வேகப்பிரியன்:

காதுக்கு உதவும். கைக்கு ஓரளவு. கமகத்துல எந்த ஸ்வரம் எவ்வளவு அசையணும், எது அசையாம நிக்கணும்னு ராகம் சொல்லிடும். ராக் வைப்ராட்டோவுல அந்தக் கட்டாயம் இல்ல, அகலமும் வேகமும் வாசிக்கிறவர் கையெழுத்து. அதை அப்படியே கொண்டுவந்தா எல்லா நோட்டும் ஆடிக்கிட்டே இருக்கும். ஜான் மெக்லாஃப்லின் 70-கள்ல சக்திங்கிற இந்திய-ஜாஸ் ஃப்யூஷன் குழுவுக்காக ஃப்ரெட்டுக்கு நடுவுல மரத்தைக் குடைஞ்ச கிடார் வாசிச்சார். விரல் மரத்துல உரசாததால ஸ்ட்ரிங்கை இழுக்க வசதி. இங்க்வி மால்ம்ஸ்டீனும் அதே மாதிரி குடைஞ்ச போர்டுதான், வேற காரியத்துக்கு. உங்க கிடாரைக் குடைய வேண்டாம். கொஞ்சம் அதிகமா அழுத்தினாலே சுருதி ஏறிடும், கார்டு வாசிக்கும்போது கஷ்டப்படுவீங்க.

மெதுவிரல்:

30 சென்ட் குறைவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். விரலா காதா என்று பிரித்துப் பாருங்கள். ட்யூனரைப் பார்த்துக்கொண்டே தள்ளினால் ஈ வருகிறது, பார்க்காமல் தள்ளினால் வரவில்லை என்றால் காது. அப்படியானால் தள்ளுவதற்கு முன் ஈ-யை வாயால் பாடுங்கள், பாடிக்கொண்டே தள்ளுங்கள். பார்த்துக்கொண்டு தள்ளினாலும் எட்டவில்லை என்றால் விரல். 12-வது ஃப்ரெட்டுக்கு மாறுங்கள், அங்கே தள்ளுவது எளிது: மூன்றாவது ஸ்ட்ரிங் 12-வது ஃப்ரெட் ஜி-யைத் தள்ளி, இரண்டாவது ஸ்ட்ரிங் 10-வது ஃப்ரெட் ஏ-யுடன் சேருங்கள். அங்கே நிலைத்ததும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக 7-க்கு இறங்கி வாருங்கள்.

"டொய்ங்" வருவது, மேலே தள்ளும்போது நாலாவது ஸ்ட்ரிங் உங்கள் விரல் நுனிமேல் ஏறி நகத்துப் பக்கம் உட்கார்ந்துகொள்வதால். இறக்கும்போது அது நகத்திலிருந்து வழுக்கி விடுபட்டு ஒலிக்கிறது. நாலாவது ஸ்ட்ரிங் விரலின் சதைப்பகுதியில் பட்டு, விரலோடு சேர்ந்து நகரணும். துணைக்கு நிற்கும் ஆள்காட்டி விரலின் நுனி நாலாவது ஸ்ட்ரிங்கைத் தொட்டபடி இருக்கட்டும், அதே விரலின் உட்பக்கம் முதல் இரண்டு ஸ்ட்ரிங்குகள்மேல் லேசாகப் படுத்திருக்கட்டும். ஐந்தையும் ஆறையும் பிக் கையின் உள்ளங்கை ஓரம் பார்த்துக்கொள்ளும். சரியாக வைத்தீர்களா என்று பார்க்க, பெண்டின் உச்சியில் நின்றுகொண்டு பிக்கால் ஆறு ஸ்ட்ரிங்கையும் ஒரே இழுப்பாக இழுங்கள். ஈ ஒன்று மட்டும் கேட்கணும், மற்றதெல்லாம் "டக்".

கீழே இறங்கும் சுருதி வேண்டாத இடங்களில் உச்சியிலேயே அழுத்தத்தைத் தளர்த்தி நோட்டை நிறுத்திவிட்டு, சத்தமில்லாமல் ஸ்ட்ரிங்கைப் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். இறக்கம் வேண்டும் என்றால் அதற்கும் ஒரு பீட் முழுசாகக் கொடுங்கள், பொத்தென்று விடாதீர்கள். கெயின் 4-லேயே இருக்கட்டும்.